புழைக்கடையில் ஓர் அபயம்

(தசலட்சணப் பர்வ நாள்களில் நடைபெற்ற சாவகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உத்தம க்ஷமை முதலாகிய பத்து அறங்களைப் பற்றி விரித்துரைக்க, என்னினும் கற்றுணர்ந்த பெரியோர் இம்மேடையில் அமர்ந்திருக்கிறார்கள். கால்நடை மருத்துவத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் என்னிடம் அறக்கட்டளையார் கேட்டுக்கொண்ட பொருள் வேறு. "வீட்டில் நாய் இருக்கிறது, கொல்லையில் கோழியும் இருக்கிறது. இரண்டையும் தீங்கின்றிக் காப்பது எப்படி?" என்பதே அது. கேட்பதற்குச் சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆனால் கொல்லையில் மேயும் அந்தக் கோழிக்கு இதனைவிடப் பெரிய பொருள் வேறில்லை.

சமணர் இல்லத்தில் கோழிக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கலாம். நான் கண்டவரையில் அது மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. முதலாவது, அண்டை வீட்டார் கோழி. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் நம் வீட்டுக் கொல்லைக்கும் அடுத்த வீட்டுக் கொல்லைக்கும் நடுவே முள்வேலிதான் இருக்கும். கோழி அந்த வேலியை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. நெல் உலர்த்தும் இடத்தில் விடியற்காலையிலேயே வந்து நிற்கும். இரண்டாவது, திருவிழாக் கடைகளில் பச்சையும் சிவப்புமாகச் சாயம் தோய்த்து விற்கப்படும் குஞ்சு. அவற்றுள் பெரும்பாலானவை முட்டையின வகையில் பிறந்த சேவற்குஞ்சுகள். பண்ணைக்குப் பயன்படாதவை என்று கழிக்கப்பட்டவை. குழந்தை அழுது கேட்க, ஒன்றிரண்டு வீட்டுக்கு வருகின்றன. பிழைத்த குஞ்சு சில திங்களில் சேவலாகி நிற்கிறது. அதை விற்றால் எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே வீட்டிலேயே இருக்கிறது. மூன்றாவது, கத்திக்குப் போகவிருந்ததை யாரேனும் விலை கொடுத்து மீட்டுக் கொண்டுவந்து விட்டது.

இம்மூன்றிலும் ஒற்றுமை ஒன்றுண்டு. இறைச்சிக்காகவும் முட்டைக்காகவும் வளர்ப்பவர் வீட்டில் ஒரு கோழி இறந்தால், அதன் விலை போயிற்று என்று கணக்கு முடிந்துவிடும். நம் வீட்டுக் கோழிக்கு அவ்வாறு விலை கிடையாது. அது நம்மிடம் அடைக்கலமாக இருக்கும் உயிர். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்துள் அபயதானத்தை நாம் அதற்கு அளித்திருக்கிறோம். அளித்த அபயத்தை நம் வீட்டு நாயே பறித்துவிடுமானால், அந்தத் தானம் நிறைவடைந்ததாகுமா?

நாயும் பறவையும் எதிர்ப்படும் ஒரு நிகழ்ச்சி நம் காப்பியத்திலேயே இருக்கிறது. யசோதர காவியக் கதையை இங்குள்ள பிள்ளைகளும் அறிவார்கள். மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரன் மறுபிறவியில் மயிலாகப் பிறக்கிறான். அவனைத் தூண்டிய தாய் சந்திரமதி நாயாகப் பிறக்கிறாள். இரண்டும் யசோமதி மன்னனின் அரண்மனைக்கே வந்து சேர்கின்றன. அங்கே அந்த நாய் மயிலைக் கவ்விக் கொல்கிறது. அது கண்டு சினந்த மன்னன் நாயைக் கொல்கிறான். சிறு பொழுதில் இரண்டு உயிர்கள் போய்விடுகின்றன. இறந்தவை தன் தந்தையும் தன் பாட்டியும் என்பதை அவன் அறியான்.

வினையின் வலிமையை உணர்த்துவதற்காகச் சொல்லப்பட்ட கதை இது. ஆயினும், ஒரு கால்நடை மருத்துவனின் கண்ணுக்கு இதில் வேறொன்றும் தென்படுகிறது. மன்னன் நாயின் மீது சினம் கொண்டான். மயில் உலவும் முற்றத்தில் நாய் எப்படி வந்தது, அதைக் கவனிக்க வேண்டியவர் யார் என்று அவன் வினவவில்லை. இன்றும் பல வீடுகளில் நடப்பது இதுவே. நாய் கோழியைக் கடித்துவிட்டால் உடனே தடி எடுக்கப்படுகிறது. அடிபட்ட நாய் சங்கிலியில் கட்டப்படுகிறது. அல்லது எங்கோ தொலைவில் கொண்டுபோய் விடப்படுகிறது. கோழிக்கு நேர்ந்தது ஒரு தீங்கு. அதன்பின் நாய்க்கு நேர்வது இன்னொரு தீங்கு. இரண்டையும் ஒருங்கே தடுப்பதுதான் இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில், நம்மிடையே வேரூன்றியுள்ள ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். "எங்கள் நாய் பிறந்தது முதல் தயிர்ச்சோறுதான் உண்கிறது; புலால் வாடையே அறியாது; கோழியை ஒன்றும் செய்யாது" என்று பலர் உறுதியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்பர்களே, இது உண்மையன்று. நாய் கோழியைத் துரத்துவது பெரும்பாலும் பசியால் அன்று. வயிறு நிறைந்த நாயும் துரத்தும். கொன்ற கோழியை உண்ணாமல் அப்படியே விட்டுவிட்டுப் போகும் நாய்கள் பல. துரத்தும் குணம் நாய்க்கு அதன் முன்னோரான ஓநாயிடமிருந்து வந்தது. கண்டுகொள்ளுதல், உற்றுநோக்குதல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் செயல்களின் கோவை அது. கோழி படபடவென்று சிறகடித்து ஓடும்போது அந்தக் கோவை தானாகத் தொடங்கிவிடுகிறது. உணவை மாற்றுவதால் இது மாறாது.

மனிதர் நாயினங்களை உருவாக்கியபோது இந்தக் கோவையின் ஒவ்வொரு பகுதியைக் கூட்டியும் குறைத்தும் அமைத்தனர். நம் நாட்டுச் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டவை; ஓடுவதைக் கண்டால் ஓடித் துரத்துவது அவற்றின் குருதியில் ஊறியது. இராசபாளையம் நாயும் வேட்டையோடும் காவலோடும் தொடர்புடையது. நகரத்து வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் லேப்ரடார், சுடப்பட்டு விழுந்த பறவையை வாயில் மெல்லக் கவ்விக் கொண்டுவருவதற்காகப் பழக்கப்பட்ட இனம். அது விளையாட்டாகக் கவ்வினாலும் கோழிக்கு அதிர்ச்சியே உயிரைப் போக்கக்கூடும். தெருவில் பிறந்த நம் நாட்டு நாய்களுள் சில கோழிகளுக்கிடையிலேயே வளர்ந்து அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வேறு சில அடங்குவதே இல்லை. ஆகவே இனத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உங்கள் நாய் கோழியைக் காணும்போது என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள். உடல் விறைத்து, வாய் மூடி, கண் இமையாமல் நோக்கி, காது முன்னே நிமிர்ந்து நின்றால், அந்த நாய் இன்னும் நம்பத்தக்க நிலைக்கு வரவில்லை என்று பொருள்.

நாய் பறவைகளைக் காக்கவும் செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் என்னும் ஊரை ஒட்டிய மிடில் தீவில், நரிகளால் சிறிய பெங்குவின்களின் எண்ணிக்கை பத்துக்கும் கீழே குறைந்துவிட்டது. தன் கோழிகளை மாரெம்மா என்னும் இத்தாலிய நாய்களைக் கொண்டு காத்துவந்த ஒரு பண்ணையாளரின் யோசனைப்படி, 2006இல் அத்தீவில் அந்நாய்கள் காவலுக்கு விடப்பட்டன. பெங்குவின்கள் மீண்டும் பெருகின. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த இனம் பல தலைமுறைகளாகக் காவலுக்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்டது. ஒவ்வொரு குட்டியும் கண்விழித்த சில வாரங்களிலேயே தான் காக்க வேண்டிய உயிர்களோடு பழக்கப்படுகிறது. ஸ்காட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1965இல் வெளியிட்ட நூலில், நாய்க்குட்டியின் மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ மூன்றாம் திங்கள் வரையிலான காலமே அது பிறரோடு உறவு பழகும் காலம் என்பதை விளக்கியுள்ளனர். புதிதாகக் குட்டி எடுப்போர் அந்தக் காலத்திலேயே கோழிகளைக் காணவும், அவற்றின் குரலைக் கேட்கவும், அவற்றிடமிருந்து ஒதுங்கி அமரவும் பழக்குவது நன்று. வளர்ந்த நாயைப் பழக்குவதற்குக் காலம் மிகுதியாகும். பொறுமையும் மிகுதியாக வேண்டும்.

இனி, செய்யத்தகாதவை எவை என்று பார்ப்போம். இதற்கு நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. கொல்லாமை என்னும் அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களை நம் பெரியோர் வகுத்துவைத்துள்ளனர்: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். உழவு மாடுகளையும் பொதிவிலங்குகளையும் வைத்திருந்த இல்லறத்தாருக்குச் சொன்னவை என்று இவற்றை நாம் கடந்துபோய்விடுகிறோம். நாயையும் கோழியையும் ஒரே கொல்லையில் வைத்திருப்போர்க்கு இந்த ஐந்தும் அப்படியே பொருந்துவதைப் பாருங்கள்.

கட்டுதல். கோழியைக் காக்கிறேன் என்று நாயை நாள் முழுதும் குறுஞ்சங்கிலியில் பிணித்து வைப்பது முதல் தவறு. ஓடவும் முகரவும் வழியின்றி, கண்முன் திரியும் கோழியைப் பார்த்துக்கொண்டே கிடக்கும் நாயின் வேகம் நாளுக்கு நாள் ஏறும். சங்கிலி அறும் அன்று அது செய்வதை எவராலும் தடுக்க இயலாது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மிகக் குறுகிய அல்லது மிகக் கனமான சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே வைக்கும் நாயை உலவவிடாமல் இருப்பதையும் குற்றமென்றே கூறுகிறது. காலையும் மாலையும் அரைமணி நேரமேனும் நாயை நடத்திக்கொண்டு போய் வாருங்கள். நடந்து களைத்த நாய் கோழியைப் பொருட்படுத்துவது குறையும்.

அடித்தல். கோழியைத் துரத்தியதற்காக அடிபட்ட நாய், நம் முன்னிலையில் துரத்தக் கூடாது என்பதை மட்டுமே கற்கிறது. நாம் உள்ளே சென்றதும் துரத்துகிறது. இறந்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் திருந்திவிடும் என்று சில ஊர்களில் சொல்வார்கள். அது கொடுமை, அதனால் பயனும் இல்லை. சீவக சிந்தாமணியில் சீவகன் செவியில் பஞ்ச மந்திரம் ஓதிய நாயை நினைத்துப் பாருங்கள். வேள்விக்கென வைத்த உணவில் வாய் வைத்ததற்காக அடித்துச் சாய்க்கப்பட்ட நாய் அது. உணவைக் கண்டால் வாய் வைப்பது நாயின் இயல்பு; அந்த உணவைக் காவாமல் வைத்தவர் மனிதர். அடிபட்டது மட்டும் நாய். அந்த உயிரே பின்னர்ச் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று என்று காப்பியம் கூறுகிறது.

உறுப்பை அறுத்தல். கோழியின் மூக்கைத் தீய்ப்பதும் நாயின் காதையும் வாலையும் வெட்டுவதும் நம்மவர் செய்யாதவை. ஆயினும், கோழி வேலி தாண்டாதிருக்க அதன் இறகை வெட்டலாமா என்று கேட்பவர் உண்டு. முதிர்ந்த இறகின் நுனியை வெட்டினால் நகம் வெட்டுவது போல வலி இராது என்பது உண்மையே. ஆனால் நாய் உள்ள வீட்டில், பறந்து மரக்கிளையில் ஏறித் தப்புவதற்கு அக்கோழிக்கு உள்ள ஒரே வழி அந்தச் சிறகுதான். அதைப் பறிக்காதீர்கள்.

மிகுபாரம் ஏற்றுதல். நாய் பொதி சுமப்பதில்லையே என்று கேட்கலாம். தாங்கமுடியாத ஒன்றைத் தாங்கச் சொல்வதெல்லாம் பாரம் ஏற்றுவதே என்பது என் கருத்து. ஓட்டத்துடிப்பு மிக்க ஓர் இளநாயைக் கோழிகளுக்கிடையே தனியே விட்டுவிட்டு, "நல்லபடியாக நடந்துகொள்" என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்வருவது அந்த நாயின் மீது ஏற்றும் மிகுபாரம். அதன் இயல்பு தாங்காது. தாங்காதபோது பழியும் அதற்கே வருகிறது.

உணவும் நீரும் மறுத்தல். தண்டனையாக நாயைப் பட்டினி போடுவோர் இருக்கிறார்கள். அது கூடாது என்பதை விளக்க வேண்டியதில்லை. நம் கண்ணில் படாத மறுப்பு ஒன்றும் உண்டு. தண்ணீர்த் தொட்டியின் அருகே நாய் படுத்திருந்தால், தொட்டி நிறைந்திருந்தும் கோழி அஞ்சி அணுகாது. வெயில் காலத்தில் அரைநாள் நீரின்றி இருந்தாலும் கோழி சோர்ந்துவிடும். ஆகவே நாய் போகமுடியாத இடத்தில் கோழிக்கு நிழலும் நீரும் தீவனமும் தனியே இருக்க வேண்டும்.

இந்த ஐந்தையும் விலக்கிவிட்டால் எஞ்சும் வழி என்ன? இடத்தைப் பிரிப்பது, காலத்தைப் பிரிப்பது, மெல்லப் பழக்குவது என்னும் மூன்றுமே. முதல் இரண்டும் நம் கையில் உள்ளவை. மூன்றாவது நாயின் கையிலும் இருக்கிறது. ஆகவே முதல் இரண்டையும் முடிக்காமல் மூன்றாவதைத் தொடங்காதீர்கள்.

இடம். பஞ்சாரம் கவிழ்ப்பது நம் பழைய வழக்கம். குஞ்சுகளைப் பருந்திடமிருந்தும் காகத்திடமிருந்தும் காக்க அது போதும்; நாய் மூக்கால் தள்ளினால் புரண்டுவிடும். மேலே கல் வைத்தாலும் நாய் உள்ள வீட்டில் அதை நம்பி இராத்தங்க விடக்கூடாது. கடையில் கோழிவலை என்று விற்கும் மெல்லிய அறுகோணக் கம்பிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர நாயை வெளியே நிறுத்தாது. கடித்தும் பிராண்டியும் கிழித்துவிடும். கூண்டுக்கு, சதுரக் கண்களோடு பற்றவைத்த தடித்த கம்பிவலையே ஏற்றது. அரை அங்குலக் கண் இருந்தால் கீரியும் பாம்பும் நுழைவதும் குறையும். நாய் அடியில் மண்ணைத் தோண்டும். வலையின் கீழ்ப்பகுதியை ஓரடி ஆழம் புதைக்க வேண்டும். அல்லது வெளிப்புறமாக ஓரடி அகலம் தரையில் விரித்து, மேலே கல் பரப்ப வேண்டும். நாட்டுக்கோழி ஆறடி வேலியையும் தாவும் என்பதால் மேலேயும் வலை வேண்டும். இரவில் உறங்க உயரத்தில் ஒரு கழி வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாளோடு கொக்கி ஒன்றும் இருக்கட்டும். வெறும் தாழ்ப்பாளை மூக்கால் நெம்பித் திறக்கும் நாய்களைப் பார்த்திருக்கிறேன். கோழி தானே நுழைந்து தப்பும் அளவுக்கு ஒரு சிறுவாயிலைக் கூண்டில் வைப்பதும் நன்று. நாயின் தலை அதில் நுழையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

காலம். இது பொருட்செலவே இல்லாத வழி. கதிரவன் மறையும்முன் உண்பது நமக்கு விரதம். கோழிக்கு அது இயற்கை. இருள் கவியும்போது கோழிக்குக் கண் தெரியாது. தானாகக் கூண்டை நாடி வரும். ஆகவே பகலில் கோழி வெளியே, நாய் வீட்டிலோ தனி வேலிக்குள்ளோ. கோழிகள் அடைந்தபின் நாய் கொல்லையில். இரவில் நாய் உலவும் கொல்லைக்கு மரநாயும் காட்டுப்பூனையும் எளிதில் வருவதில்லை. கோழிக்குத் தீங்கு செய்யக்கூடிய நாயே அதன் காவலாகவும் ஆகிறது. மாலை உணவுக்கு இலை போடும்முன் வீட்டில் ஒருவர் கூண்டுக்குச் சென்று கோழிகளை எண்ணிக் கதவைக் கொக்கியிட்டு வருவதை வழக்கமாக்குங்கள். யார் எண்ணுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். எல்லோருக்கும் உரிய வேலையை எவரும் செய்வதில்லை.

பழக்கம். முதல் வாரம் நாய் வலைக்கு அப்பால் நின்று கோழிகளைக் காணட்டும். அருகே செல்ல விடாதீர்கள். பின்னர், நடந்து களைத்து வந்த நாயைக் கயிற்றில் பிடித்து, கூண்டிலிருந்து முப்பதடி தொலைவில் அமரச் செய்யுங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில் ஒரு சிறு தின்பண்டம் கொடுங்கள். பனீர்த் துண்டு, வேகவைத்த பூசணித் துண்டு, சப்பாத்தித் துண்டு போதும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. அவற்றை விலக்கிய நம் சமையல் இந்த வகையில் நாய்க்கு நன்மையே. திராட்சையும் சாக்லேட்டும் கொடுக்கவே கூடாது. இப்பயிற்சி ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், நாளைக்கு இரு வேளை. நாய் அமைதியாக இருந்தால் அடுத்த நாள் சில அடி நெருங்குங்கள். விறைத்து நின்றால் பின்வாங்கித் தொலைவைக் கூட்டுங்கள். "உட்கார்", "விடு", "வா" என்னும் மூன்று சொற்களுக்கும் நாய் எப்போதும் கட்டுப்படும்வரை கயிற்றை விடாதீர்கள். அதன்பின்னும் நீண்ட கயிறு தரையில் இழுபட, நீங்கள் அருகிலிருந்தே பல வாரங்கள் பழக்க வேண்டும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். பெரிய கோழியோடு பழகிய நாய், குஞ்சோடும் பழகியதாக எண்ணாதீர்கள். கீச்சென்று ஓடும் குஞ்சு அதன் கண்ணுக்குப் புதிய பொருள். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேலும், குஞ்சுகளோடு இருக்கும் தாய்க்கோழி நாயின் மீது பாயும். சேவலின் குத்துமுள்ளும் அலகும் நாய்க்குட்டியின் கண்ணைப் பாழாக்கும். காப்பு இரு பக்கமும் வேண்டும். இரண்டாவது, எவ்வளவு பழகினாலும் வீட்டில் ஆள் இல்லாதபோது நாயும் கோழியும் ஒரே திறந்த வெளியில் இருக்கக் கூடாது. ஒரு முறை கோழியைக் கொன்ற நாயை வாழ்நாள் முழுதும் பிரித்தே வைக்க வேண்டும். அது தண்டனை அன்று. கதவு ஒன்றை மூடி வைப்பதே போதும்.

இவ்வளவுக்குப் பின்னும் நாய் கவ்விவிட்டால் என்ன செய்வது? கத்தாதீர்கள், கோழியைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் நாய் இன்னும் இறுக்கும். நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து அசையாமல் நிறுத்தி, வேறு தின்பண்டம் காட்டி விடச்செய்து, அதை அறைக்குள் விட்டுக் கதவடையுங்கள். பின்பு கோழியைப் பாருங்கள். "இறகுதான் உதிர்ந்தது, ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுவதே பெரும்பாலான கோழிகளின் உயிரைப் போக்குகிறது. பல் பதிந்த துளை இறகின் அடியில் மறைந்திருக்கும். நாயின் வாயிலுள்ள கிருமிகள் ஓரிரு நாளில் சீழ் வைக்கும். இறகை விலக்கிப் பார்த்து, காய்ச்சி ஆறவைத்த உப்புநீரால் புண்ணைக் கழுவி, அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டான, வெதுவெதுப்பான, ஓசையற்ற இடத்தில் வையுங்கள். மனிதருக்கான வலிமாத்திரைகளைத் தராதீர்கள். அன்றே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள்; 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியையும் கேட்கலாம்.

கடிபட்டது அண்டை வீட்டார் கோழியாக இருந்தால், அவர் வந்து கேட்கும்முன் நீங்கள் சென்று சொல்லுங்கள். மருத்துவச் செலவையோ கோழியின் விலையையோ தாமாகக் கொடுங்கள். "உங்கள் கோழி ஏன் எங்கள் கொல்லைக்கு வந்தது?" என்று தொடங்கும் பேச்சு எந்த ஊரிலும் நல்லபடி முடிந்ததில்லை. வேலியின் ஓட்டையை அடைக்கும் செலவில் பாதியை ஏற்றுக்கொள்வது, பத்தாண்டுப் பகையைவிட மலிவானது. உத்தம க்ஷமையை ஆண்டுக்கொரு நாள் வாயால் கேட்கிறோம். அண்டை வீட்டு வாசலில் நின்று கேட்பது அதன் கடினமான பகுதி.

நோயைப் பற்றியும் இரண்டு சொல். நாய்க்கு மூன்றாம் திங்களில் வெறிநோய்த் தடுப்பூசி, பின்னர் ஆண்டுதோறும் தவறாமல். கோழிகளுக்கு, வெள்ளைக்கழிச்சல் என்று ஊரார் கூறும் இராணிக்கேட் நோய்க்குத் தடுப்பூசி. ஊரில் தடுப்பூசி முகாம் நடக்கும்போது கோழிகளைக் கொண்டு செல்லுங்கள். கோழி எச்சத்தை நாய் தின்னும். அதன்வழி வயிற்றுப்போக்கு வரலாம் என்பதால் கூண்டை நாள்தோறும் பெருக்குங்கள். குழந்தைகள் இரண்டையும் தொட்டு விளையாடியபின் சோப்பிட்டுக் கை கழுவட்டும். கூண்டருகே எலிக்கு நஞ்சு வைக்கும் எண்ணமே நம்மிடம் எழக்கூடாது. அந்த நஞ்சு எலியோடு நிற்காமல் நாயையும் கோழியையும் சென்றடையும்.

பெருமக்களே! கவனமின்மையால் உயிர்க்கு நேரும் ஊறும் இம்சையே என்பதை நம் நூல்கள் தெளிவாகச் சொல்கின்றன. மயிற்பீலியால் தரையை மெல்லத் துடைத்து அமரும் முனிவரை நாம் வணங்குகிறோம். அவர் எறும்பின் நல்லெண்ணத்தை நம்பி அமர்வதில்லை. தம் கவனத்தை நம்பி அமர்கிறார். கொல்லையில் நாய்க்கும் கோழிக்கும் இடையே நாம் வைக்கும் கம்பிவலையும் கொக்கியும் இல்லறத்தார் கையில் உள்ள மயிற்பீலி என்றே நான் கருதுகிறேன். நாய் கோழியைக் கொல்லாதிருப்பது நாயின் நோன்பு அன்று. அந்த நோன்பு நம்முடையது.

யசோதரனும் சந்திரமதியும் கடைசி விலங்குப் பிறவியில் சேவலும் கோழியுமாகப் பிறந்து, அறவுரை கேட்டு, அதன்பின்னரே அபயருசி, அபயமதி என்னும் பெயர்களோடு மனிதராகப் பிறந்தனர் என்று காவியம் சொல்கிறது. கூண்டுக்குள் இருந்தாலும் ஒரு கோழியின் செவிக்கு அறம் எட்டும் என்று எண்ணிய மரபு நம்முடையது. அந்தக் கோழி நாளைக் காலையிலும் உயிரோடு கூவ வேண்டுமானால், இன்று மாலை ஒருவர் எழுந்து சென்று தாழ்ப்பாளைப் பார்க்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் இந்த வேலையை ஏற்றுக்கொண்டால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பெரியோர் அவர்களுக்கு எண்ணிக் காட்டுங்கள்.

 எல்லா உயிரும் அச்சமின்றி வாழ்க. ஜெய் ஜினேந்திரா.